இடியப்பக்கா சொல்லாத பெயர்

1957 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். கிணற்றடியில் குளியல். 6.10க்குச் சவரம், இடது தாடையில் சிறு வெட்டு. 6.40க்கு நான்கு இடியப்பம், தேங்காய்ப்பூ, குலா மலாக்கா வெல்லம். 7.25க்குச் சைக்கிளில் கிளம்பி 7.40க்குப் பால் நிலையத்தைத் திறந்தேன். பால்மாவு டின்களை எண்ணினேன், சரியாக இருந்தன. புதிய அட்டைகள் பதினேழு எழுதினேன். மழை இல்லை.

அந்த நாளைப் பற்றி என் நாட்குறிப்பில் இருப்பது இவ்வளவுதான். அன்று நான் செய்த ஒரு தவறு அதில் இல்லை. அது தவறு என்று எனக்குத் தெரியவே ஆறு வாரம் ஆயிற்று. ஆனால் 6.40 மணி இடியப்பம் இருக்கிறது. ஆகவே இடியப்பக்காவிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் காலத்து மலாக்காவில், காஜா பெராங்கிலிருந்து செமாபோக் வரை, புருஷன் பெயரைத் தெருவில் வாய்விட்டுச் சொன்ன ஒரே தமிழ்ப் பெண் இடியப்பக்காதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்வார். ஆட்டைப் பார்த்துச் சொல்வார்.

ஆட்டின் பெயர் மாசிலாமணி. "டேய் மாசிலாமணி, அடுத்தவன் வேலியில என்னாடா வாயி?" என்று அக்கா ஒரு சத்தம் போட்டால் நாலு வீட்டுப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்; ஐந்தாவது வீட்டில் சிரிப்பார்கள். புருஷன் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான், அந்த ஆத்திரத்தில் ஆட்டுக்கு அவன் பெயரை வைத்திருக்கிறார் என்பது தெருவுக்கே தெரிந்த செய்தி. யார் சொன்னது என்றுதான் யாருக்கும் தெரியாது. அக்காவிடமே கேட்டால், "ஆடு ஓடாம இருக்குல்ல, அது போதும்" என்பார்.

மாசிலாமணி என்றால் குற்றமில்லாத மணி என்று பொருள். அந்த மணி என் கண்ணெதிரே தின்றவை: கோவில் திருவிழா நோட்டீஸ் ஒரு கட்டு, கொடியில் காய்ந்த போலீஸ்காரரின் காலுறை ஒன்று, நிலையத்தின் சுவரில் ஒட்டியிருந்த 'ஆரோக்கியமான குழந்தை' படத்தில் குழந்தையின் இடுப்புக்குக் கீழே முழுவதும். அந்த ஜூலையில், வரப்போகும் சுதந்திரத்துக்காகத் தெருமுனையில் வளைவு கட்டித் தென்னங்குருத்துத் தோரணம் தொங்கவிட்டார்கள். மறுநாள் காலையில் இடதுபக்கத் தோரணம் இல்லை. நாடு கொண்டாட ஒரு மாதம் இருக்கும்போதே மாசிலாமணி கொண்டாடி முடித்துவிட்டது.

அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் கூடை, இடுப்பில் வெல்ல டப்பா, பின்னால் ஆடு. இடியப்பம் வாங்குகிறவர்களுக்கு முன்வாசலில் கொடுப்பார். வாங்க முடியாதவர்களைப் பார்க்கப் பின்வாசலுக்குப் போவார். அங்கே அடுப்பை மூக்கால் பார்ப்பார், குழந்தையை விரலால் பார்ப்பார். குழந்தையின் புஜத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, மாவுக்குப் பதம் பார்ப்பதுபோல் ஒரு அழுத்து. "பதமா இருக்கு" என்றால் கவலை இல்லை. "மாவு தண்ணியாயிருச்சு" என்றால் அந்த வாரம் அந்தப் பிள்ளையும் தாயும் என் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். தாய் விரும்பினாலும் சரி, விரும்பாவிட்டாலும் சரி.

ஒருமுறை அந்த விரல்களும் எங்கள் தராசும் முரண்பட்டன. நிலையத்துத் தாதி மிஸ்ஸி தராசின் பக்கம் நின்றார். மறுவாரம் தராசைச் சோதிக்க ஆள் வந்தார். தராசில்தான் கோளாறு. அதன்பிறகு மிஸ்ஸி குழந்தையைத் தராசில் கிடத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் எடையைச் சொன்னார்.

பால் நிலையம் நகரத்துச் சீமாட்டிகள் சிலர் சேர்ந்து நடத்தியது. ஏழைத் தாய்மார்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் செவ்வாய்தோறும் ஒரு டின் பால்மாவு. அட்டை இருந்தால் போதும், அட்டை இருந்தால்தான். டின்கள் அலமாரி நிறைய இருந்தன. பிள்ளைகள் காஜா பெராங் நிறைய இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசை, அதன் பின்னால் நான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. மே மாதம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். குமாஸ்தாவை எங்கள் ஊரில் கிராணி என்பார்கள். அக்காவும் என்னைக் கிராணி என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சொல்லை அவர் சொல்லும்போது நாக்கில் ஏதோ கசப்பது போலிருக்கும். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஏன் என்பதற்குத் தெருவில் காரணங்கள் உலவின. பெயர் கொடுத்தால் சுதந்திரம் வந்ததும் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அநாதைப் பிள்ளைகளின் பால், குடித்தால் தாய் செத்துப்போவாள். குடிக்கிற பிள்ளை வேறு மதத்துக்குப் போய்விடும். இதற்கெல்லாம் பதில் சொல்வது நிலையத்தின் வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்காதான் வீட்டுக்கு வீடு சொன்னார். கப்பலுக்குப் பயந்தவளிடம், "ஒன்னைய ஏத்திட்டுப் போவ கப்பல்காரனுக்கு வேற வேல இல்லியா? டிக்கெட்டு யாரு எடுக்குறா, ஒங்கப்பனா?" என்றார். அவள் யோசித்துப் பார்த்து, மறுவாரம் வந்துவிட்டாள்.

மிஸ்ஸி என்று நாங்கள் அழைத்த தாதி, காஜா பெராங்கிலேயே தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். திருநீறு பூசுவார், மாரியம்மனைக் கும்பிடுவார், தமிழில் ஒரு வாக்கியம் வராது. வீட்டில் பேசுவது மலாய். அதிலும் அவர் கான்வெண்டில் படித்தவர். அவருடைய மலாய் இஸ்திரி போட்டு மடித்தது போலிருக்கும். புருஷனைச் சந்தை மலாயில் எல்லாரும் 'லாக்கி' என்போம். மிஸ்ஸிக்கு அந்தச் சொல் கொச்சை. நல்ல மலாயில் புருஷனுக்குச் 'சுவாமி' என்று பெயர். ஆகவே மிஸ்ஸி ஒவ்வொரு தாயிடமும் புன்னகையோடு, "நாமா சுவாமி?" என்று கேட்பார். கணவர் பெயர் என்ன என்று அதற்குப் பொருள். வந்த பதிலை அவர் திருப்பிச் சொல்வார். நான் எழுதுவேன்.

ஜூன் 25 அன்று ஒரு பெண்ணுக்கு அட்டை எழுதி, மை ஒற்றி, வழக்கம்போல் உரக்கப் படித்தேன்: "கணவர் பெயர், பேச்சியம்மன்."

சுவரோரம் நின்ற அக்கா கூடையைக் கீழே இறக்கினார். சிரிப்பதற்காக அவர் கூடையை இறக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"மிஸ்ஸி சாமி பேரக் கேட்டா, அவ சாமி பேரத்தானே சொல்லுவா? நல்லவேள, ஒரு சாமியோட நிறுத்திக்கிட்டா."

விளங்கியதும் மிஸ்ஸியின் முகம் சிவந்தது. நான் சிரித்தேன். வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அக்கா என்னிடம் வந்து, "பெட்டி முழுக்கப் பாரு கிராணி. இன்னும் எத்தினி சாமி குடும்பம் நடத்துதோ" என்றார்.

அன்று மாலையே பார்த்தேன். ஒன்று விடாமல் பார்த்தேன் என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். ஏழு கன்னிமார் ஒன்று அகப்பட்டது. நாகம்மா ஒன்று. சிவலிங்கம் என்று இருந்ததைச் சந்தேகப்பட்டு விசாரித்தேன். அவர் நிஜமாகவே புருஷன், ரப்பர் ஆலையில் வேலை. முருகன் என்று ஓர் அட்டை இருந்தது. முருகன் என்று பெயருள்ள ஆண்கள் ஊரில் எத்தனையோ பேர். சிவப்பு மையில் 'சரி' என்று குறி போட்டேன். மறுநாள் காலை இடியப்பத்தைத் தட்டில் வாங்கும்போது அக்கா கேட்டார். எல்லாம் பார்த்தாயிற்று, இனிமேல் ஒரு பிழையும் இல்லை என்றேன்.

அந்த முருகன் அட்டை செல்லம்மாளுடையது. ஜூன் 11 அன்று நான் எழுதிய பதினேழில் ஒன்று.

செல்லம்மாளுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டதால் இரண்டு மாதத்துக்கு முன் புருஷனோடு டவுனுக்கு வந்தவள். புருஷனுக்கு ரோடு போடும் கூட்டத்தில் வேலை. காஜா பெராங் சாலைக்குப் பின்னால், தகரக் கூரை வரிசையில் ஓர் அறை. எட்டு மாதப் பெண் குழந்தை, தேவி. தாய்க்குப் பால் வற்றிவிட்டது. அக்காதான் அழைத்து வந்தார். மேசையருகே செல்லம்மாளின் முறை வந்தபோது அக்கா அங்கே இல்லை. மாசிலாமணி பக்கத்துத் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டதால் அதன் பின்னால் ஓடியிருந்தார். மிஸ்ஸி, "நாமா சுவாமி?" என்றார். செல்லம்மாள் சாமியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகன்" என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். நல்ல பெண், புருஷன் பெயரைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

தேவியின் எடை ஜூன் 11 அன்று பன்னிரண்டு பவுண்டு. 18ஆம் தேதி பன்னிரண்டு பவுண்டு ஆறு அவுன்ஸ். 25ஆம் தேதி பன்னிரண்டு பவுண்டு பதினொரு அவுன்ஸ். அக்கா புஜத்தை அழுத்திப் பார்த்து, "மாவு கூடுது" என்றார்.

பேச்சியம்மன் விவகாரத்துக்குப் பிறகு, அடுத்து நின்ற தாய்மார்களிடம் நான் தமிழில் கேட்டேன். அப்போதுதான் அடுத்த தொல்லை தெரிந்தது. அவர்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுள் குறையும். ஆகவே விடுகதை. "பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனவரு" என்றாள் ஒருத்தி. "எழுது, பழனி" என்றார் அக்கா. "ராத்திரி மேல வருமே" என்றாள் இன்னொருத்தி. "சந்திரன்." மூன்றாவது பெண் ஒன்றும் சொல்லாமல் என் மேசை மீதிருந்த அழைப்பு மணியை ஒருமுறை அடித்துவிட்டு நின்றாள். நான் எழுந்து வெளியே யார் வந்தது என்று பார்த்தேன். "உக்காரு கிராணி. அவ புருஷன் பேரு மணி" என்றார் அக்கா. எல்லாப் பெண்களின் புருஷன் பெயரும் அவருக்குத் தெரியும். பின்வாசல்களில் மாமியார்கள் மகன்களைத் திட்டுவதைக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் தயங்காமல் சொன்னார்.

ஜூன் 27 அன்று அக்கா கால்வாய்ப் பலகையில் வழுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. இருபத்தேழு நாள் நான் ரொட்டி தின்றேன். மாசிலாமணியை யாரும் பெயர் சொல்லித் திட்டாததால் அது கொஞ்சம் வாடினாற்போல் தெரிந்தது.

அந்த இருபத்தேழு நாளில் மூன்று செவ்வாய்கள் செல்லம்மாள் வரவில்லை. ஜூலை 2, 9, 16. மூன்று வாரம் தொடர்ந்து வராதவர்களின் அட்டையைக் கீழ்ப்பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. தாயிடம் இருப்பது ஒரு பிரதி, எங்களிடம் ஒரு பிரதி. எங்கள் பிரதியை 16ஆம் தேதி மாலை 3.50க்கு மாற்றினேன். அகர வரிசை கெடாமல் வைத்தேன்.

ஜூலை 24 அன்று அக்கா நொண்டிக்கொண்டே மறுபடி கூடையோடு கிளம்பினார். எனக்கு நான்கு இடியப்பம் வைத்துவிட்டுப் பின்வாசல்களைப் பார்க்கப் போனார். மறுநாள் வியாழக்கிழமை, 6.40க்கு நான் தட்டோடு நின்றேன். அக்கா கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

"முருகன் யாரு கிராணி?" என்றார்.

எந்த முருகன் என்று கேட்டேன்.

"அதத்தான் நானும் கேக்குறேன். செல்லம்மாவுக்கு நீ கட்டி வெச்ச முருகன்."

நான் விதியைச் சொன்னேன். மூன்று வாரம் வரவில்லை. வரவில்லை என்றால் தேவை இல்லை என்று பொருள் என்றேன். இந்த வாக்கியத்தை நான் எங்கே கற்றேன் என்று தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு எழுதியதும் இல்லை, பேசியதும் இல்லை.

அக்கா என் தட்டைப் பார்த்தார். "அதுக்குப் பால் நின்னுபோச்சு. ஒனக்கு இடியப்பம் நின்னுபோச்சு. சைக்கிள எடு" என்றார்.

போகும் வழியில், நடந்ததை எல்லாம் சொன்னார். செல்லம்மாளின் புருஷன் பெயர் ஆறுமுகம். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு முடிதிருத்தும் கடைக்குப் போயிருக்கிறான்; மகளின் எடை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று யாராவது படித்துச் சொல்ல வேண்டும் என்பதற்காக. கடைக்காரர் மேலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் உரக்கப் படித்தார். தாய் செல்லம்மாள். கணவர் முருகன். ஆறுமுகத்தின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் டிரைஷா என்ற மூன்று சக்கர வண்டி ஓட்டுபவர் பெயர் முருகன், கலியாணம் ஆகாதவர். அவர் அப்போது முகம் நிறையச் சோப்பு நுரையோடு அதே கடையில் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடை சிரித்தது. எடை வரை படிக்க ஆறுமுகம் நிற்கவில்லை.

நாங்கள் போனபோது ஆறுமுகம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். முரட்டு ஆள் இல்லை. மெலிந்து, தார் படிந்த கையோடு இருந்தான். என்னைப் பார்த்ததும் தகரப் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து நீட்டினான்.

"படிங்க, கிராணி. எம் பொண்டாட்டி எவன் பொண்டாட்டின்னு எழுதியிருக்கீங்க, படிங்க."

படித்தேன். என் கையெழுத்து. அழகாக இருந்தது.

"மிஸ்ஸி சாமி பேரக் கேட்டாங்க. சொன்னேன்" என்றாள் செல்லம்மாள். இதை அவள் நாலு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். குரலில் உயிர் இல்லை.

பிள்ளை துணித்தொட்டிலில் கிடந்தது. பக்கத்தில் ஒரு போத்தல். இனிப்புப் பால் ஒரு கரண்டி, மீதி எல்லாம் தண்ணீர். நாலு நாளாக வயிறு போகிறதாம். அக்கா குனிந்து இரண்டு விரலால் புஜத்தைப் பிடித்தார். பதம் சொல்லவில்லை. கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

தவறு என்னுடையது, இன்றைக்கே வேறு அட்டை எழுதித் தருகிறேன் என்றேன். ஆறுமுகம் கேட்கவில்லை. அவன் பெயரைச் செல்லம்மாளே தன் வாயால் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் எழுத வேண்டும் என்றான். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை. கடை முழுவதும் சிரித்த ஒன்றை எதை வைத்து அழிப்பது? செல்லம்மாள் தலையை ஆட்டினாள். முடியாது.

"சொல்லுடி. ஆயுசும் கொறையாது, ஒண்ணும் கொறையாது. நான் தெனம் நாப்பது வாட்டி கூப்புடுறேன். எனக்கு என்னா ஆச்சு?" என்றார் அக்கா.

"அதான் ஒங்க வீட்டுக்காரரு ஓடிட்டாருல்ல, அக்கா" என்றாள் செல்லம்மாள். குத்திச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள்.

அக்கா கூடையை இறக்கினார். விற்பதற்கு அல்லாமல் அவர் கூடையை இறக்கி நான் பார்த்தது அது இரண்டாவது தடவை.

"அது அவரு பேரு இல்லடி."

வெளியே மாசிலாமணி எதையோ கடிக்கும் சத்தம் கேட்டது.

"தோட்டத்துக் கிராணி பேரு அது. சப்பான்காரன் ஊர விட்டுப் போன வருசம், பிள்ளைங்களுக்கு அரிசியும் பாலும் குடுக்கப் போறாங்கன்னு பேரு எழுதுனான். புருஷன் பேரக் கேட்டான். நான் சொல்லல. அவன் எழுதல." தொட்டிலைப் பார்த்தார். "அடுத்த மாசம் வந்து கேட்டான். அப்ப எழுதறதுக்குப் பிள்ளை இல்ல."

"வீட்டுக்காரரு?" என்று கேட்டவன் ஆறுமுகம்.

"சயாமுக்கு, ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனவரு. போன எடத்துல ஆயுசு எவ்வளவு மிச்சமிருக்கோ. நான் வேற ஏன் கொறைக்கணும்?"

போர் முடிந்து அப்போது பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

ஆறுமுகம் தகரப் பெட்டியை மூடினான். பிறகு என்னைப் பார்த்து, "ஆறுமுகம்னு எழுதிக்குங்க" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு வீடு தள்ளிப் போய், "முருகா, வண்டிய எடுப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று கூப்பிட்டான். நாலு வாரமாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. முருகன் ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டியை எடுத்தார். செல்லம்மாள் பிள்ளையோடு ஏறினாள். அக்கா கூடையிலிருந்த வெள்ளைத் துணியை உதறிப் பிள்ளைமேல் போர்த்தினார். அன்றைய இடியப்பம் முழுவதும் திறந்து கிடந்து காய்ந்துபோயிற்று. மாசிலாமணிகூட அதைத் தொடவில்லை.

மாலை 4.15க்குப் புது அட்டை எழுதினேன். கணவர் பெயர் ஆறுமுகம். மூன்று முறை சரிபார்த்தேன். அக்கா அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய்க் கொடுத்தார்.

தேவி ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இறந்தது.

30ஆம் தேதி செவ்வாய். 7.40க்குத் திறந்தேன். டின்களை எண்ணினேன்; சரியாக இருந்தன. வரிசையின் கடைசியில் செல்லம்மாள் நின்றாள், கையில் பிள்ளை இல்லாமல். முன்னால் நின்ற பெண்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் முந்தவில்லை, தன் முறை வரும்வரை நின்றாள். பிறகு புது அட்டையை என் மேசைமேல் வைத்தாள். அதில் எடை எழுதும் கட்டங்கள் எல்லாம் காலி.

கொடுத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"பாப்பாவப் பத்தி எழுதணும்ல?" என்றாள்.

பதிவேட்டில் எழுத வேண்டும் என்றேன்.

"அப்ப அதோட அப்பா பேரு தப்பா இருக்கக்கூடாது." மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு பேரு ஆறுமுகம்."

எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். ஒரு பெண்கூடக் காதைப் பொத்தவில்லை. மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எழுந்து நின்றார். சுவரோரம் இடியப்பக்கா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றார். நான் எழுதினேன். என் கையெழுத்து அன்று அழகாக வரவில்லை.

அக்கா என்னை எதற்குத்தான் திட்டவில்லை? சவர வெட்டுக்குத் திட்டியிருக்கிறார், மை சிந்தியதற்குத் திட்டியிருக்கிறார், ஆட்டுக்கு வணக்கம் சொல்லவில்லை என்று ஒருமுறை அரை மணி நேரம் திட்டினார். இதற்குத் திட்டவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. திட்டியிருந்தால் நான் கொஞ்சம் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அதன்பின் பல ஆண்டு அக்கா இருந்தார். முதல் மாசிலாமணி போய் இரண்டாம் மாசிலாமணி, மூன்றாம் மாசிலாமணி என்று வரிசையாக வந்தார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தபோது படிவத்தை நான்தான் நிரப்பினேன். கணவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றது. அக்கா படுக்கையிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த கிராணி, இளைஞர், அந்தக் கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்றார். இருக்கலாம் என்று சொல்லி அப்படியே கொடுத்தேன். என் கையால் எழுதிய தாள்களில் பெயர்க் கட்டம் காலியாக உள்ளது அது ஒன்றுதான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இப்பத்தான் கிராணி ஆயிருக்க" என்றார். அந்தச் சொல்லில் கசப்பு இல்லாமல் நான் கேட்டதும் அந்த ஒரு தடவைதான்.

இவ்வளவு எழுதியும், முக்கியமான ஒரு காலையை விட்டுவிட்டேன். செல்லம்மாள் அட்டையைத் திருப்பிக் கொடுத்ததற்கு மறுநாள்.

1957 ஜூலை 31, புதன்கிழமை. 5.30க்கு எழுந்தேன். வியாழக்கிழமையிலிருந்து அக்கா என் வீட்டு வாசலில் நிற்பதில்லை. கூடையோடு நேராகப் போய்விடுவார். அன்று நான் தட்டை எடுத்து வைக்கவில்லை. நிலையத்தின் எழுதாத அட்டைகளையும் பேனாவையும் துணிப்பையில் போட்டு, சைக்கிளோடு வாசலில் நின்றேன். 6.40க்கு அக்கா வந்தார். கால் இன்னும் சரியாகவில்லை. ஒவ்வோர் அடிக்கும் கூடை ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பின்வாசல்கள் இருக்கும் சந்தின் பக்கம் திரும்பினார்.

நான் முதலில் செய்தது, அவர் தலையிலிருந்து கூடையை வாங்கி என் சைக்கிளின் பின்னால் கட்டியது. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.